போடாத சத்தம்

ராஜபாளையம்
10 ஜூலை 2024

பரிபூரணம்,

உனக்குக் கடிதம் எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு எழுதினேன். இப்போது மூன்றாவதும் அதே விலாசத்துக்குப் போகிறது. போன் போட்டால் உன் அக்கா எடுத்து, "அவளுக்குப் போனக் காதுல வைக்க முடியல, வச்சிருங்க" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்பீக்கர் கை தவறித்தான் விழுந்தது. நீ வந்து பார்த்தபோது அது துவைக்கிற கல்லில் உடைந்து கிடந்தது. விழுந்ததை நீ பார்க்கவில்லை. அதற்காக மறுநாள் காலை ஆராதனைக்குக்கூட வராமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாயா? கேட்கிறவர்களிடம் உன் அக்காவுக்கு மூட்டுவலி, கூடமாட இருக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போதகர் மதினியின் மூட்டுக்காக ஜெபம்கூடப் பண்ணிவிட்டார். ஜெபா நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்து கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்கிறேன். மூன்று நாளாக நீ குளித்துக்கொண்டிருக்கிறாய்.

உன் காது இரைச்சலுக்கு நான் என்ன செய்யவில்லை? இங்கே இரண்டு டாக்டர் பார்த்தோம். அழுக்கு எடுத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், நரம்புக்கு என்று மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பூண்டு எண்ணெய் விடுகிற வைத்தியரிடம் போனோம். எல்லா இடத்துக்கும் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனது நான்தான். அப்போதெல்லாம் நாம் நன்றாகத்தான் இருந்தோம். மதுரை ஆஸ்பத்திரியில் இரைச்சல்காரர்களுக்கு நடத்துகிற சனிக்கிழமை வகுப்பில் உன்னைச் சேர்த்த பிறகுதான் வீட்டுக்குள் அவன் பேர் வந்தது.

தளவாய்புரம் வைகுண்டராஜ். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அவனுக்கும் காதில் இரைச்சலாம், அதனால் அவனுக்கு உன்னைப் புரிகிறதாம். அய்யனார் கோவிலுக்குப் போய் அருவிச் சத்தத்தைப் பதிவு பண்ணி, சின்ன ஸ்பீக்கரில் ஏற்றிக் கொடுத்தான். ஒரு மாதம் அது உன் தலைமாட்டில் இருந்தது. என் வீட்டில், என் கட்டிலில், இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு தூங்கினாய். என் பேச்சைக் கேட்டு நீ ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை.

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

சாம்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஜூலை 2024

ஜெபா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இனிமேலும் எழுதவே செய்யுங்கள். போனில் பேசினால் இடது காதில் சத்தம் கூடுகிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் அக்கா வீடு முழுக்கக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் கோபத்தில் ஒன்றை அனுப்பி, நான் படிப்பதற்குள் அழித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் எழுதினால் அழிக்க முடியாது.

ஸ்பீக்கர் கை தவறி விழவில்லை. கட்டிலுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே இரண்டு வாசற்படி இருக்கிறது. கை தவறிய பொருள் இரண்டு வாசற்படி தாண்டிப் போய் விழாது.

என்னை எங்கெல்லாம் கூட்டிப்போனீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். திரும்பி வரும் வழியில் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை. "எல்லாம் நெனப்புதான். வேலைய விட்டுட்டு சும்மா உக்காந்தா இப்படித்தான் என்னமாவது கேக்கும்" என்றீர்கள். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னீர்கள். பதினான்கு வருஷம் பேண்டேஜ் துணித் தறிகளுக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவள் நான். தறிச் சத்தத்தால்தான் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், நீங்கள் நெனப்பு என்பதை விடவில்லை.

எனக்கு எப்படிக் கேட்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். குக்கரில் விசில் வரப்போகும்போது ஒரு சீற்றம் வரும் இல்லையா, அதுதான். விசில் மட்டும் வராது. பதினோரு மாதமாக நான் அந்த விசிலுக்காகக் காத்திருக்கிறேன். வந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம்.

மதுரையில் வகுப்பு நடத்துகிற ஃபஸீலா மேடம்தான் முதல்நாளே ஒளிக்காமல் சொன்னார்கள். இதை நிறுத்துகிற மாத்திரை இன்று வரைக்கும் இல்லை, ஆனால் இதோடு வாழப் பழகலாம், அதற்குப் பயிற்சி இருக்கிறது என்றார்கள். கேட்கும் திறன் குறைந்திருப்பதால் இடது காதுக்கு மிஷின் வைத்தால் இரைச்சல் கொஞ்சம் பின்னுக்குப் போகலாம். வீட்டை ஓசையே இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, மெல்லிய சத்தம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார்கள். அருவி அதற்காகத்தான். அதில் வேறொன்றும் இல்லை.

வைகுண்டராஜ் அண்ணாச்சியை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் முதலில் பார்த்தேன். உங்களுக்கு என்ன சத்தம் என்று கேட்டார். தெரிந்தவர் தெரியாதவர் யாருமே அதுவரை கேட்காத கேள்வி. சொல்ல வரவில்லை என்றேன். அவர் போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதில் சத்தத்தை மெல்லிசாகவும் தடிப்பாகவும் மாற்றிக்கொண்டே போகலாம். மைக்செட்காரர் என்பதால் அவருக்கு அதெல்லாம் கைவந்த வேலை. மாற்றிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் என் காதுக்குள் இருப்பது அப்படியே வெளியே கேட்டது. நான் அழுதுவிட்டேன். நெனப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று.

வருவதைப் பற்றி இப்போது எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பரிபூரணம்


ராஜபாளையம்
19 ஜூலை 2024

பரிபூரணம்,

அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் அண்ணன் ஆகிவிடுவானா?

உன் கடிதத்தை மில்லுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு சாப்பிடவில்லை. என் பெண்டாட்டியின் காதுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தன் வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறான். நீ அவன் முன்னால் அழுதிருக்கிறாய். ஜெபா பிறந்தபோதுகூட நீ என் முன்னால் அழவில்லை. இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

நேற்று வியாழக்கிழமை, எனக்கு வார விடுமுறை. பஸ் ஏறித் தளவாய்புரம் போனேன். அவன் கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தான். நான் எதிர்பார்த்தது வேறு ஆள். இவன் என்னைவிடக் குட்டை. தலை நரைத்திருக்கிறது. இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருந்தான். சட்டையை மட்டும் இஸ்திரி போட்டிருந்தான். பெண்டாட்டி இல்லாத வீட்டில் யார் இஸ்திரி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சர்ச் அசன விருந்துக்கு மைக்செட் வேண்டும் என்று பொய் சொன்னேன். தேதி கேட்டான். ஏதோ ஒரு தேதி சொன்னேன். நோட்டை மூடிவிட்டு, "நீங்க பரிபூரணம்மா வீட்டுக்காரர்தான?" என்றான். எப்படித் தெரியும் என்றேன். நீ போட்டோ காட்டியிருக்கிறாயாம். என் போட்டோவை அவனிடம் காட்டி என்ன சொன்னாய்? இவர்தான் நெனப்பு என்று சொல்கிறவர் என்றா?

சண்டை போடத்தான் போனேன். அவன் ஸ்டூலை எடுத்துப் போட்டான். அவள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள் என்று நானாகவே சொன்னேன், அவனுக்கு ஏற்கெனவே தெரியுமா என்று பார்க்க. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அவிய படுத பாடு உங்களுக்குத் தெரியணும்னா, அந்தச் சத்தத்த ஒருதடவ கேட்டுப் பாருங்க. ஆப்ல குறிச்சு வச்சிருக்கேன்" என்றான். போனை எடுத்து எதையோ தட்டி, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"கேக்குதா?"

கேட்டது. ஆமாம் என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னான். அசனம் நடத்தும்போது சொல்லி அனுப்புங்கள், நல்ல செட்டாகத் தருகிறேன் என்று மட்டும் சொன்னான். நான் கை ஓங்காமல் வந்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்தச் சத்தம் அப்படியொன்றும் பெரியதில்லை. மெல்லிசாக, ஒரே சீராக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் சாப்பிடலாம், தூங்கலாம், வேலைக்குப் போகலாம். அதற்காக ஒரு குடும்பம் இரண்டு ஊரில் கிடக்க வேண்டியதில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. நீ மதுரைக்குப் போவாய், அவனும் வருவான். எனக்கு இரண்டாவது ஷிப்ட். நூல் நூற்கிற ஆயிரம் ஸ்பிண்டில் சுற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

சாம்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜூலை 2024

ஜெபா அப்பாவுக்கு,

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வைகுண்டராஜ் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். நீங்கள் வந்துபோனதைச் சொன்னார். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாராம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார்.

அவர் உங்கள் காதருகே போனைப் பிடித்தபோது அதில் சத்தம் இல்லை. வால்யூம் முழுக்க அடியில் இருந்திருக்கிறது. அதை அவர் பார்ப்பதற்குள் நீங்கள் கேட்கிறது என்று சொல்லிவிட்டீர்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வீம்புக்குப் பொய் சொல்லியிருப்பார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. முப்பது வருசமா மேடையில மைக் டெஸ்ட் பண்ணுதேன். கேக்காம தலையாட்டுறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். அவருக்குக் கேட்டுச்சு" என்றார்.

நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், மெல்லிசாக, ஒரே சீராக இருந்தது என்று. போடாத சத்தத்துக்கு எப்படி இவ்வளவு சரியாக அடையாளம் எழுத முடிந்தது?

நீங்கள் கேட்டது எதை?

இதற்குப் பதில் வந்தால்தான் இனி நான் எழுதுவேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்
29 ஜூலை 2024

பூரணம்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்துவிடுவதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்கும் இருக்கிறது. ஆறு வருஷமாக. இரண்டு காதிலும்.

எப்போது தொடங்கியது என்று தெரியாது. மில்லில் இருக்கும்போது தெரியாது, வெளியே வந்தால்தான் தெரியும். ரிங் பிரேம் மிஷின் சத்தம்தான் இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்தேன். பிறகு ஒரு பொங்கலுக்கு நாலு நாள் லீவு வந்தது. நாலு நாளும் அது போகவில்லை. அப்போது புரிந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எங்கள் செக்‌ஷனில் தங்கப்பாண்டியன் என்று ஒருத்தர் இருந்தார், மிஷின் பழுது பார்ப்பதில் என்னைவிட நல்ல பிட்டர். காது சரியில்லை என்று அவராகப் போய்ச் சொன்னார். பஞ்சு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, கையைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். நான் அப்படி ஆக மாட்டேன் என்று நினைத்தேன். வருஷா வருஷம் மில்லுக்கு ஒரு நர்ஸ் வந்து காது டெஸ்ட் எடுப்பார்கள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். நான் அந்தம்மாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டனை அமுக்கும்போது தோள் லேசாக அசையும். அசைந்தால் விரலைத் தூக்குவேன். ஐந்து வருஷம் பாஸ் பண்ணினேன். அந்தப் பழக்கத்தில்தான் தளவாய்புரத்திலும் உடனே ஆமாம் என்றேன் என்று உனக்கு எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். எனக்கு உண்மையாகவே கேட்டது. உன்னுடையது என்று நினைத்துக்கொண்டு என்னுடையதைக் கேட்டிருக்கிறேன்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமானது.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பேன் நின்றது, பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. நீ சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாய். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "வீட்டுக்குள்ள என்னமோ சீறுத மாதிரி இருக்கு, உங்களுக்குக் கேக்குதா?" என்றாய். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் கேக்கலயே" என்றேன். அன்றைக்குச் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் பதினோரு மாதமாக நெனப்பு நெனப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னுடையது உண்மை என்றால் என்னுடையதும் உண்மை ஆகிவிடும்.

அப்புறம் நீ வெளியே சொன்னாய். எல்லோரிடமும் சொன்னாய். சர்ச்சில் உனக்காக ஜெபித்தார்கள், மதினி தைலம் அனுப்பினார்கள், ஜெபா தினமும் கேட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு வெளியாள் வந்து உன் காதுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்தான். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். பக்கத்துத் தலையணையிலேயே இருந்தேன்.

ஸ்பீக்கர் கை தவறவில்லை. நான்தான் உடைத்தேன்.

சாம்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஆகஸ்ட் 2024

ஜெபா அப்பாவுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்காது. ஆடிப்பூரத் தேர் முடியட்டும் என்று இருந்தேன். தேர் அன்று தெருவெல்லாம் மைக். அக்கா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. வெளிச்சத்தத்தில் உள்ளே இருப்பது தெரியவில்லை. மறுநாள் காலையில் சேர்த்துவைத்து வந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கரண்ட் போன மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நீங்கள் "ஒண்ணும் கேக்கலயே" என்ற பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடு முழுக்கத் தேடினேன். கேஸ் கசிகிறதா என்று அடுப்பை முகர்ந்தேன், பாம்போ என்று கட்டிலுக்குக் கீழே விளக்குமாற்றை விட்டுப் பார்த்தேன். நீங்கள் ரசம் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று ஆறு மாதம் நம்பினேன். அதற்கு மருந்து உங்கள் வாயில் இருந்தது.

அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு உங்கள்மேல் பொறாமை. ஆறு வருஷம் இரண்டு காதிலும் இதை வைத்துக்கொண்டு நீங்கள் சாப்பிட்டீர்கள், சிரித்தீர்கள், படுத்தவுடன் குறட்டை விட்டீர்கள். நான் ஒரு காதில் வைத்துக்கொண்டு இளைத்துப்போனேன். எப்படி முடிந்தது? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஃபஸீலா மேடத்திடம் மாதக்கணக்கில் படித்தும் எனக்கு வராதது உங்களுக்கு எப்படி வந்தது? அதை எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், இதை எழுதுங்கள்.

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சந்தேகப்பட்டது முழுவதும் பொய் இல்லை. சனிக்கிழமைகளுக்காக நான் நல்ல சேலையை எடுத்துவைத்தது உண்டு. ஜூலை ஆறாம் தேதி ரயிலில் திரும்பும்போது வைகுண்டராஜ் அண்ணாச்சி, "நீங்க வராத சனிக்கிழம எனக்குச் சத்தம் கூடுதலாக் கேக்குது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விருதுநகர் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். அன்று வீட்டுக்கு வந்தபோதுதான் ஸ்பீக்கர் உடைந்து கிடந்தது. உங்கள்மேல் வந்த கோபத்தில் என் பயமும் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

போன சனிக்கிழமை ரயிலில் அவரிடம், இனி அப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா, தப்புதான்" என்று சொல்லிவிட்டு வேறு பெட்டிக்குப் போய் உட்கார்ந்தார். அப்படி அவர் எழுந்து போனதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்
18 ஆகஸ்ட் 2024

பூரணம்,

விருதுநகர் வரைக்கும் என்று நீ எழுதிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அவன் சொன்னது மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு ஜென்மத்துக்கும் சொல்ல வராது. அதுதான் எரிகிறது. அவன் உன் கையைப் பிடித்தான் என்று எழுதியிருந்தால்கூடப் போய் நாலு அறை அறைந்துவிட்டு வந்திருப்பேன். இதற்கு என்ன செய்ய? அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். உடைக்க ஒன்றும் இல்லை.

மதுரைக்குப் போனேன். சனிக்கிழமை போகவில்லை, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிற தைரியம் இல்லாததால் வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். பரிபூரணம் வீட்டுக்காரர் என்றதும் ஃபஸீலா மேடம் உட்காரச் சொன்னார்கள். டெஸ்டுக்குக் கண்ணாடி அறைக்குள் விட்டு, என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். பார்க்கத் தோள் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையாகவே கேட்டபோது மட்டும் விரலைத் தூக்கினேன். ரொம்ப நேரம் தூக்காமல் இருந்தேன் பூரணம். வெளியே அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டார்களோ தெரியாது.

டெஸ்ட் காகிதத்தில், எனக்குக் கேட்கிற அளவைக் காட்டுகிற கோடு வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மில்லில் காதை மூடாமல் ஒருநாளும் நிற்கக் கூடாது என்றார்கள். பிறகு நீ கேட்டதையேதான் கேட்டார்கள். இத்தனை வருஷம் இதை என்ன செய்தீர்கள்?

ஒன்றும் செய்யவில்லை என்றேன். விடவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். யோசித்தேன். உனக்கும் அதையே எழுதுகிறேன்.

ஒரு பிரேமில் ஆயிரம் ஸ்பிண்டில் ஓடுகிறது. ஆயிரத்தையும் கேட்க முடியாது. பிட்டருக்கு வேலை என்னவென்றால், ஏதாவது ஒன்று மாறினால் அங்கே போக வேண்டும். பேரிங் தேய்ந்தால் ஒரு கரகரப்பு வரும், அதைத் தேடிப் போவேன். மாறாமல் ஓடுவதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடுவேன். காதில் இருப்பது மாறவே இல்லை. அதனால் அதுவும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன் போல. நீ விசில் வரும் வரும் என்று காத்திருக்கிறாய். நான் காத்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. படிக்காதவன் சொல்கிறேன், சரியா தப்பா தெரியாது.

ஃபஸீலா மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் இங்கே இருக்கிறேன், ஒரு சனிக்கிழமை வந்து எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே அவன் இருப்பான்.

நேற்று மில்லில் மெயின்டனன்ஸ் ஆபீசரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். நாளையிலிருந்து நூல் கோன் பேக்கிங்கில் நிற்க வேண்டும். என் பிரேம்களை வினோத் பார்ப்பான், இருபத்தாறு வயது. அவன் காதுக்கு எல்லாம் கேட்கும். இன்று சாவியும் டூல்ஸும் கொடுக்கப் போனபோது, மூன்றாம் நம்பர் பிரேமைத் தாண்டிப் போனான், அதில் பேரிங் கத்திக்கொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை. எனக்கு அது கேட்கவில்லை, பிரேமில் கையை வைத்ததும் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க மனசு வரவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சொன்னேன்.

யாரும் இன்னும் கையைத் தட்டிக் கூப்பிடவில்லை.

ஜெபாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நீ குளிக்கவில்லை என்பதையும்.

சாம்சன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
31 ஆகஸ்ட் 2024

ஜெபா அப்பாவுக்கு,

ஜெபா என்னைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தூரமாக வைத்துக்கொண்டு பேசினேன். அப்பா அழுதார் என்றாள். நீங்கள் எழுதவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை.

ஸ்பிண்டில் விஷயத்தைப் பழகிப் பார்த்தேன். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. கேட்காதே கேட்காதே என்று சொல்லிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களைத் திட்டினேன். பிறகு, கேட்டால் கேட்கட்டும், மாறினால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வியாழக்கிழமை அக்காவோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் மருமகளைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டு நிறைந்த பிறகுதான், இவ்வளவு நேரமும் எனக்குச் சத்தம் ஞாபகம் வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. வந்தவுடன் அதுவும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு தட்டு மொச்சை உரிக்கிற நேரம் எனக்குக் கிடைத்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு, ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடம் முதலில் சொல்லத் தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? உங்களிடம்தான். அதில் எனக்கே ஆச்சரியம்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த மத்தியானத்தை நான் இன்னும் பல தடவை சொல்லிக்காட்டுவேன். கேட்டுக்கொள்ள வேண்டும். நெனப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் இனி வரக் கூடாது.

செப்டம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை எனக்கு இடது காதுக்கு மிஷின் பொருத்துகிறார்கள். அன்றைக்கு நீங்கள் வர வேண்டும். ஸ்பிண்டில் கதையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அங்கே ஏழு பேர் இருக்கிறோம், ஏழு பேருக்கும் அது வேண்டும். வைகுண்டராஜ் அண்ணாச்சிக்குத்தான் அதிகமாக வேண்டும், அவர் வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை. அவரிடம் நான் பேசாமல் இருக்க மாட்டேன். பேசினால் உங்களுக்கு எரியும். எரிந்தால் அன்றைக்கே என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கல்லில் போட்டு எதையும் உடைக்க வேண்டாம்.

நீங்கள் ராஜபாளையத்தில் ஏறிவிடுவீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது பெட்டியில் கூட்டம் இருக்கும், எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்கள். இத்தனை நாள் யார் போட்டுவைத்தார்கள் என்று கேட்க வேண்டாம். என் பையையும் கொண்டுவருகிறேன். திரும்பும்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க மாட்டேன்.

பரிபூரணம்